வைக்கோல் சாலையில் நின்றுபோன சத்தம்

இந்த ஜனவரியில் நாங்கள் கோடியக்கரைக்குக் கிளம்பியதற்குக் காரணம் பூநாரைகள். என் மனைவி நூர்ஜஹானுக்கு அப்போது ஏழாவது மாதம். குழந்தை பிறந்துவிட்டால் ஒரு வருடத்துக்கு எங்கும் நகர முடியாது, அதற்குள் பூநாரைகளைக் காட்டிவிடுங்கள் என்று ஒரே பிடியாக நின்றாள். டாக்டரும் மெதுவாகப் போய்வரச் சொல்லிவிட்டார். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக ஏறக்குறைய நூற்றுப்பத்து கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனாலும் மூன்றரை மணி நேரம்தான். ஆனால் நாங்கள் போய்ச் சேரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பறவைப் படம் பார்க்க வந்தவர்கள் மன்னிக்கவும்.

கார் என் மாமனாருடையது. பதினெட்டு வயது வண்டி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு முன்பக்க இடது சக்கரத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்திருந்தது. பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’, ஏறினால் இன்னொரு ‘டொக்’. தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். சக்கரத்தருகே இருக்கும் லிங்க் ராடு என்ற கம்பியை மாற்றிவிட்டு, “ஒண்ணும் ஆகாது சார், தைரியமா போங்க” என்றார்கள். தைரியம் என்பது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. துபாயில் ஆறு வருடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்தவன் நான். தேய்ந்து, உடைந்து, கழன்று வந்த சாமான்களையே நாள் முழுக்கப் பார்த்தவனுக்கு, ஒரு சின்னச் சத்தம் கேட்டாலே எந்தச் சாமான் என்று தேடத் தோன்றும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டுவதற்குள் டொக். நான் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். வேகத்தடையில் டொக், மதகுப் பாலத்தில் டொக். லிங்க் ராடு இல்லையென்றால் ஷாக் அப்சார்பரா, ரப்பர் புஷ்ஷா, பால் ஜாயின்ட்டா என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தேன்.

“ஏன் மச்சான், காரு சும்மா வந்தாலும் நீங்க சும்மா வரமாட்டீங்க போலிருக்கே” என்றாள் நூர்ஜஹான். “பூநாரைய பாக்கப் போறோமா, மையத்து அடக்கத்துக்குப் போறோமா? மூஞ்சிய பாருங்க.”

மன்னார்குடியில் இட்லி சாப்பிட்டோம். அவள் கால் மரத்துவிட்டது என்றதால் பெரிய குளத்தின் ஓரமாகக் கொஞ்சம் நடந்தோம். அந்த நேரத்தில் காரின் முன் மட்கார்டைக் கையால் அழுத்திவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவை மேலே வந்து அடங்கிவிட்டது. ஷாக் அப்சார்பர் போயிருந்தால் இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடும். அது இல்லை என்று தெரிந்ததில் பயம் குறையவில்லை. மிச்சம் இருப்பவை அதைவிட மோசமானவை.

மன்னார்குடியைத் தாண்டியதும் சம்பா அறுவடை நடக்கும் கிராமங்கள் வரிசையாக வந்தன. டெல்டாவில் தை மாதம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். மறு பாதியில் வைக்கோலைப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து, ஒட்டியிருக்கும் மிச்ச நெல்லை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். அன்று நான்கைந்து கிலோமீட்டருக்கு அப்படி வைக்கோல். கார் மெத்தைமேல் போவது போலப் போயிற்று. சத்தம் நின்றுவிட்டது.

நின்றே விட்டது! புது லிங்க் ராடு இப்போதுதான் அதனிடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டறைக்காரரை மனதுக்குள் வாழ்த்தினேன். நூர்ஜஹான் தூங்கிப்போனாள். வைக்கோல் பள்ளத்தை மூடியிருக்கிறது, அதனால்தான் சத்தமில்லை என்பது ஆறு வருடம் கடையில் இருந்த எனக்கு உறைக்கவில்லை. ரேடியோவைக்கூடப் போட்டேன்.

திருத்துறைப்பூண்டிக்கு முன்பே ஒரு முக்கூட்டில் சாலை மறியல். குறுக்கே இரண்டு டிராக்டர்கள். நூறு பேருக்கு மேல் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எரிவாயுக் குழாய் பதிப்பதற்காக, கேட்காமல் கொள்ளாமல் வயலில் அளவுக்கல் நட்டுவிட்டார்களாம். ஒரு போலீஸ் வேன் தள்ளி நின்றது. எப்போது தடியைத் தூக்குவார்களோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடியை ஏற்றப் போனேன். அதற்குள் ஒரு பெண் குனிந்து உள்ளே பார்த்தாள். பெயர் செல்வி, நாற்பது வயதிருக்கும்.

“அடடா, மாசமா இருக்குற பொண்ணுப்பா. வுடுங்க, வுடுங்க” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

டிராக்டர் ஓட்டும் குமார் என்பவர் வந்தார். “இங்க மதியம் வரைக்கும் நகராதுங்க. சைடுல வாய்க்கா கரை போவுது பாருங்க, அதுல ரெண்டு கிலோமீட்டர் போனா அந்தாண்ட மெயின் ரோட்டுல ஏறிக்கலாம். ஒரு வண்டி போற அகலம்தான், பாத்துப் போங்க.”

கரையைப் பார்த்தேன். ஒரு பக்கம் வாய்க்கால், தண்ணீர் நிரம்ப ஓடியது. மறுபக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் வயல். வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ‘கடக்’ என்று ஒரு சத்தம். இதுவரை கேட்டது போலில்லை. என் உள்ளங்காலில் அது தெரிந்தது. எலும்பு கழன்ற சத்தம். நான் எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

“என்ன மச்சான், மறுபடியுமா?” என்றாள் நூர்ஜஹான், தூக்கக் கலக்கத்தில்.

அவளை இறங்கச் சொல்லிச் செல்வியோடு வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினேன். பின் சக்கரங்களுக்குக் குமார் கல் வைத்தார். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினேன், ஆட்டமில்லை. அப்படியானால் ஸ்டியரிங் பக்கம் பழுதில்லை. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியதும் என் கையோடு வந்தது. வீல் பேரிங் தேய்ந்தாலும் இப்படி ஆடும். அதனால் குமாரை வெளியே நின்றபடியே கதவு வழியாகப் பிரேக்கைக் கையால் அழுத்தச் சொன்னேன். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்கவில்லை. உள்ளே குனிந்து பார்த்தேன். சக்கரத்தையும் கீழே உள்ள லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையையும் சேர்க்கிற பந்து மூட்டு, அதாவது பால் ஜாயின்ட், ரப்பர் உறை கிழிந்து, மண்ணும் கிரீஸுமாக, பல் போன ஈறு போலத் தெரிந்தது. ஓடும்போது அது கழன்றால் சக்கரம் வெளியே மடங்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது.

எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனேன். “நூரு, இனிமே போக முடியாது” என்றேன்.

“நாப்பது, அம்பது கிலோமீட்டர்தானே மச்சான். மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம். ஒரு வாரமா ஓடலியா?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. செல்வி அவள் தோளில் கைவைத்தாள். “பயம் வந்தா அதோட பேச்ச கேட்டுடணும் தாயி. எனக்கிருக்கறது மூணு மா நெலம், ஒரு ஏக்கராதான். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி, கல்லு வரப்பத் தாண்டிடுச்சான்னு பாத்துட்டு வரேன். எந்தக் கட்சிக் கொடி கோட்டைக்குப் போனாலும் கல்லு மட்டும் இங்கதான் வருது.”

டிராக்டர் திரும்ப இடம் வேண்டும், காரை ஓரம் தள்ளலாம் என்றார் குமார். ஜாக்கியை இறக்கினோம். உள்ளே யாரும் இல்லை. அவர் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினோம். நடக்கிற வேகம்கூட இல்லை. கரைக்குத் திரும்பும் இடத்தில் தார் உடைந்து ஒரு சாண் பள்ளம். இடது சக்கரம் அதில் இறங்கியது. ‘படார்’. சக்கரம் மொத்தமாக வெளியே சாய்ந்து, மட்கார்டு அதன் மேல் உட்கார்ந்தது. குமார் துள்ளி விலகினார். அங்கிருந்து வாய்க்கால் தண்ணீர் இரண்டு எட்டுதான்.

கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். நான் சாலையோரம் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது நூர்ஜஹான் எழுந்து நின்று, சக்கரத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் வயிற்றைப் பிடித்திருந்தன.

காரை அங்கேயே விட்டுவிட்டு, மறியல் முடிந்த பிறகு பஸ்ஸில் தஞ்சாவூர் திரும்பினோம். மறுநாள் ஆள் அனுப்பி இரண்டு பக்கமும் லோயர் ஆர்மையே புதிதாக மாற்றினேன்.

பழைய காரில் டெல்டா பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசியில் வைக்கோல் ரோட்டில் சத்தம் நின்றால் நம்பாதீர்கள். வெறும் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். சூடான காரின் அடியில் வைக்கோல் சிக்கினால் தீப்பிடிக்கும், இறங்கி எடுத்துவிடுங்கள். நான் செய்த அந்த ஜாக்கிச் சோதனையைக் கிளம்புவதற்கு முந்தின நாளே சமதரையில் செய்யுங்கள். மறியல் இருந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் பேசுங்கள். கோடியக்கரைக்கு வேதாரண்யத்திலிருந்து பஸ் இருக்கிறது.

குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். பெண். கார் நன்றாக ஓடுகிறது, ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் தெருமுனை மருந்துக்கடைக்குப் போவதென்றாலும் நூர்ஜஹான் உடனே ஏறுவதில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, இடது சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்க்கிறாள். அவள் நிமிரும்வரை நான் சாவியைப் போடுவதில்லை.