சீலிங்கில் ஒட்டிய கோதுமை

அன்று மேசையைச் சுற்றி இருந்தது நாங்கள் நான்கு பேர்: அம்மா, மாமா, நான், ஒக்ஸானா ஆன்ட்டி. அப்பா இல்லை, ஜெபல் அலி துறைமுகத்தில் அவருக்கு டியூட்டி. ஆனால் தட்டு ஐந்து இருந்தது. ஐந்தாவது அப்பாவுக்கு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஷார்ஜாவில் அந்த ஃபிளாட்டில் ஒரு அறை எங்களுக்கு, இன்னொன்று ஆன்ட்டிக்கு. அவர் உக்ரைன்காரர். அம்மாவும் அவரும் ஒரே தையல் கடையில் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. இல்லை என்பதற்கு 'மாஃபி', முடிந்தது என்பதற்கு 'கலாஸ்' என்ற இரண்டு அரபுச் சொற்களையும் கைகளையும் வைத்தே நாள் முழுக்கப் பேசுவார்கள். அதற்கு மேல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பு. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

ஜனவரி ஆறாம் தேதி, அவர்கள் வழக்கப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் பன்னிரண்டு பதார்த்தங்களோடு சாப்பிட உட்கார வேண்டும். கறி, பால், முட்டை எதுவும் கூடாது. "மார்கழி விரதம் மாதிரிதான்" என்று அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். பீட்ரூட் சூப், சோறும் காளானும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலை, சோமாசு போல மடித்து வேகவைத்த உருளைக்கிழங்குப் பண்டம், பூண்டு தடவிய பன் என்று பத்து வரை வந்தது. பதினொன்றாவதாக அம்மாவின் கொண்டைக்கடலைச் சுண்டலும் சேர்ந்தது.

பன்னிரண்டாவதுதான் முக்கியம். குத்யா என்று பெயர். முழுக் கோதுமையை வேகவைத்து, தேனும் 'மாக்' என்ற விதையும் சேர்ப்பது. வீட்டுக்கு மூத்தவர் அதில் ஒரு கரண்டி எடுத்து சீலிங்கில் வீச வேண்டும். ஒட்டினால் அந்த வருஷம் குடும்பத்தில் யாருக்கும் ஒரு குறையும் வராது. உதிர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஆன்ட்டி கோதுமையைக் கிளறப் போய்விட்டார். அவருக்கு ஒரே மகன், மிலிட்டரியில் இருந்தான். எங்கள் ஊரில் மிலிட்டரிக்காரர் என்றால் டிரங்குப் பெட்டியோடு லீவில் வருகிறவர். இவனும் அப்படி வருவான் என்று இருந்தேன்.

ஆன்ட்டியின் போனில் வந்த 'பாப்பி சீட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் படித்து, "மாக்னா கசகசாம்மா" என்று தீர்ப்புச் சொன்னேன். மாமா கீழே மலையாளி சேட்டன் கடைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே இருந்தது கறுப்பு. "நம்மூருது வெள்ளையால்ல இருக்கும்?" என்று அம்மா இழுத்தாள். ஆன்ட்டியோ கறுப்பைப் பார்த்து என் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார். அவர் ஊரில் அது கறுப்புதானாம்.

வெந்நீரில் ஊறப்போட்டார். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் கிண்ணம் முழுக்க வழவழவென்று இருந்தது.

"ஏன் மாப்ள, இது தவளை முட்டையில்ல?" என்றார் மாமா.

அது சர்பத்தில் போடும் சப்ஜா விதை. சேட்டன் ஊரில் அதற்குத்தான் கஸ்கஸ் என்று பெயர்.

"மாத்திட்டு வாடா தம்பி" என்றாள் அம்மா.

மாமா போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். "நாம கேக்குற கசகசா இந்த நாட்டுலயே கூடாதாம்க்கா. போதை ஐட்டமாம். சத்தமாச் சொல்லாத, உள்ள போயிருவேன்னு சேட்டன் பயப்படுறாரு."

ஆன்ட்டி உட்கார்ந்துவிட்டார். வெளியே நட்சத்திரம் வந்து நின்றது. எனக்கு அழுகை முட்டியது. அம்மாதான் அந்தக் கிண்ணத்தை எடுத்து, தவளை முட்டையை அப்படியே கோதுமையில் கொட்டிக் கிளறினாள்.

"பாயாசத்துல ஜவ்வரிசி போடறதில்லையா? வீசச் சொல்லுடா."

நான் மொழிபெயர்த்தேன். ஆன்ட்டி எழுந்தார். ஐந்தாவது தட்டை ஒருமுறை பார்த்தார். கரண்டியில் அள்ளி ஓங்கி வீசினார்.

சப்பென்று சத்தம். நால்வரும் அண்ணாந்து நின்றோம். ஒரு மணிகூட விழவில்லை. கோதுமை மட்டும் என்றால் உதிர்ந்திருக்கும். சப்ஜாவின் வழவழப்பு விடுமா? ஆன்ட்டியின் அம்மா வீசும்போதுகூடப் பாதிதான் ஒட்டுமாம். ஆன்ட்டி நாற்காலி மேல் ஏறி எண்ணினார். முப்பத்தெட்டு. மாமா விசிலடித்தார். என் மொழிபெயர்ப்புதான் ஜெயித்தது என்று நான் குதித்தேன். ஆன்ட்டி அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். ஜெயித்ததற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கே சண்டை நடந்துகொண்டிருந்ததும், மகனிடமிருந்து மூன்று வாரமாகப் போன் வராததும், அந்த ஐந்தாவது தட்டு வர முடியாதவர்களுக்காக, உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வைக்கப்படுவது என்பதும் பிற்பாடு தெரிந்தவை. சீலிங்கைத் துடைக்க ஆன்ட்டி யாரையும் விடவில்லை. மே மாதம் மகன் வந்தான். டிரங்குப் பெட்டி இல்லை. இடது கையில் கட்டு இருந்தது. அதே மேசையில் அவனை உட்காரவைத்து ஆன்ட்டி மேலே காட்டினார். அவன் அண்ணாந்து பார்த்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

நாங்கள் அந்த ஃபிளாட்டைக் காலி செய்தபோது, சாவி வாங்க வந்த வாட்ச்மேன் மேலே பார்த்து, "யே க்யா ஹை, பாய்?" என்று இது என்னவென்று இந்தியில் கேட்டார். பெயிண்ட் அடிக்கும் செலவை டெபாசிட்டில் பிடித்தார்கள். ஒரு திர்ஹாமுக்குக்கூடச் சண்டை போடும் அப்பா அன்று பேசாமல் கையெழுத்துப் போட்டார். முந்நூற்றைம்பது திர்ஹாம்.