தட்டிப் பார்த்த வாட்சர்

மாரமங்கலம் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் ஒரு வாட்சர் இருந்தார். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை கொடியில் காய்வது போல அவர் மேல் தொங்கும். நாங்கள் நிழல் மரம் வெட்டப் போனால், முதலில் அவர் கம்பால் அடிமரத்தைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். அணிலோ மரநாயோ இறங்கி ஓடிய பிறகுதான் கோடாலி போட விடுவார்.

“ஏனுங்க, ஊட்டுல ஆள் இருக்கான்னு பாக்கறீங்களா? என் மண்டையையும் ஒருக்கா தட்டிப் பாருங்க” என்றேன். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத மண்டை அது.

“அது காலி ஊடு கண்ணு. தாராளமா வெட்டலாம்” என்றார்.

ஒரு நாள் பெரிய அத்தி மரத்தைத் தட்டினார். எதுவும் இறங்கவில்லை. “போடுங்க” என்றார். மரம் சாய்ந்ததும் பார்த்தால், கிளைகளுக்கு நடுவே ஒரு தேவாங்கு செத்துக் கிடந்தது. கைகள் அப்போதும் கிளையை விடவில்லை. அவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“அணிலுதான் சத்தத்துக்கு ஓடும் சாமி. இது பயந்தா இறுக்கிப் புடிச்சுக்குது. நான் தட்டத் தட்ட இன்னும் இறுக்கியிருக்கும். இத்தன வருசத்துல எத்தன போச்சோ.”

அடுத்த மரத்தை அவர் தட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வயதில், தானே ஏறிக் கிளை கிளையாகத் தேடினார்.

இப்போதும் யார் வீட்டுக் கதவையாவது தட்டி, உள்ளே சத்தம் இல்லையென்றால், ஆள் இல்லை என்று திரும்ப எனக்கு மனசு வருவதில்லை. திருடன் என்று சந்தேகப்படுகிறார்கள். இருந்தாலும் நிற்கிறேன்.