பூட்டிய கதவுக்கு வைத்த வணக்கம்

ஆளே இல்லாத கூடத்தில் நின்றுகொண்டு "இச்சி, நீ, சான்" என்று ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியிருக்கிறீர்களா? தகரக் கூரையில் மோதி உங்கள் குரலே உங்களிடம் திரும்பி வரும். 2007 ஆடி மாதம் எனக்கு அதுதான் கதி. நான் கராத்தே மாஸ்டர். எனக்கு ஒரு மாணவர்கூட இல்லை.

முருகனை நம்புகிற உங்களுக்குத்தான் இது புரியும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பாவுக்கு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை. வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். பாலிடெக்னிக் படிக்கும்போது சும்மா வேடிக்கை பார்க்கப் போய்த்தான் கராத்தேயில் சேர்ந்தேன். பிறகு வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. டிப்ளமோ முடித்ததும் மலேசியாவில் ஜொகூர். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. வேலைக்குத்தான் போனேன், ஆனால் இறங்கிய முதல் வாரமே பயிற்சிக்கூடத்தைத் தேடினேன்.

அங்கே மாஸ்டராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். நைட் ஷிப்ட் முடிந்து கண் சிவக்கப் போய் நின்றவனைப் பார்த்து, "தூங்கிட்டுக் கத்துக்கிறியா, கத்துக்கிட்டுத் தூங்குறியா?" என்று கேட்டார். "கத்துக்கிட்டுத் தூங்குறேன் மாஸ்டர்" என்றேன். "பார்ப்போம், எத்தனை நாளைக்குன்னு" என்று சிரித்தார். அன்று முதல் விடிந்ததும் எனக்கென்றே கதவைத் திறப்பார். கறுப்பு பெல்ட்டை அங்கேதான் கட்டினேன்.

பிறகு மஸ்கட். உதவி மாஸ்டர் வேலை. பிள்ளைகள் காரில் வருவார்கள், காரில் போவார்கள். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்தால் நாள் முழுக்க ஏசி சத்தம் மட்டும். அந்த அறையில் நான் தமிழில் பேசியது ஒருவரோடுதான். சுவரில் ஒட்டியிருந்த முருகன் படம்.

"எனக்குன்னு ஒரு வகுப்பு வேணும் முருகா. நம்ம ஊர்ல. வேற எதுவும் கேக்கலை." தினமும் இதே பேச்சு.

துணிந்து திரும்பி வந்தேன். அதற்குள் அப்பா ஓய்வு பெற்று, அம்மாவோடு சொந்த ஊருக்கே போய்விட்டார். ஓசூரிலும் நான் தனி ஆள். சிப்காட் பக்கத்தில் ஒரு பழைய ஷெட்டைப் பிடித்தேன். மாலை ஆறு மணிக்கு வகுப்பு. முதல் வாரம் கம்பெனி ஆட்கள் கூடம் நிறைய வந்தார்கள். முதல் பாடமே வணக்கம்தான்: உள்ளே வந்தால் கூடத்துக்கு ஒரு வணக்கம், போகும்போது ஒரு வணக்கம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்.

இரண்டாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒருவரும் இல்லை.

நான் என்ன செய்யவில்லை? காலையில் குளித்துவிட்டு மலைக்கோயில் ஏறுவேன். முருகன் சந்நிதியில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் அறைக்கு வந்து கந்தனைக் கூப்பிட்டபடியே படுத்துக் கிடப்பேன். மாலையில் ஷெட்டைத் திறந்து, வெறுங்கூடத்துக்கு வணக்கம் வைத்து, தனியாக எண்ணுவேன். சாப்பிடும்போது எதிரில் யாரும் இல்லை. பேச ஆள் இல்லாமல் நாள்கள் போயின. இதற்கு மஸ்கட்டே பரவாயில்லை என்று தோன்றியது. அங்கிருந்து ஏஜென்ட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "இடம் காலியா இருக்கு தம்பி. வர்றியா, இல்லையா?"

ஆடிக் கிருத்திகை வந்தது. "இன்னைக்கு ஒரே ஒரு ஆளை அனுப்பு. இல்லன்னா நான் போறேன்" என்று சந்நிதியில் அழுதேன். மாலையில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஏஜென்ட்டிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் சாமான்களை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். அந்த நேரத்தில் நான் அங்கே போனதே இல்லை.

வாசல் மண்ணில் நாலைந்து பேர், கம்பெனி யூனிஃபார்மோடு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வரிசையாக நிற்கிறார்கள். பூட்டிய கதவைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைக்கிறார்கள். பிறகு குதிரை நிலையில் கால் விரித்து, நான் சொல்லித்தந்த குத்து.

முன்னால் நின்ற மஞ்சுளாதான் முதலில் திரும்பிப் பார்த்தாள். வேப்பனப்பள்ளிக்காரி. அசெம்ப்ளி லைனில் வேலை.

"வாங்க மாஸ்டர்! கடையக் கட்டிக்கினு ஓடிட்டீங்கன்னு பேசிக்கினு இருந்தோம்."

"நீங்க எல்லாம் எங்க போனீங்க?"

"நாங்க எங்க போனோம்? ஷிப்ட்டு மாறிடுச்சில்ல! மொதல்ல சாயங்காலம் விட்டாங்க, வந்தோம். இப்ப ரெண்டு மணிக்கு விட்டா நேரா இங்கதான் வர்றோம். ஆறு மணி வரைக்கும் நின்னா எங்கூருக்கு பஸ்ஸு யாரு விடுவா? செகண்ட் ஷிப்ட்டு ஆளுங்க காலையில வந்து பாத்துட்டுப் போறாங்க. எப்ப வந்தாலும் பூட்டு!"

"வகுப்பு ஆறு மணின்னுதானே சொன்னேன்?"

பக்கத்தில் நின்ற பசவராஜ் சிரித்தான். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரன்; மரியாதையாக 'குருகளே' என்றுதான் கூப்பிடுவான். "ஷிப்ட்டு மாறினா கம்பெனி பஸ்ஸே மாறுது குருகளே. கிளாஸ் மாறாதா? நீங்க ஃபாரின் ஆளு, டைம் தெரியல போல!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். ஷிப்ட் ஆளின் பிள்ளை நான். ஜொகூரில் என் ஷிப்ட்டுக்காக ஒரு கதவு திறந்ததால்தான் நான் மாஸ்டர் ஆனேன். இரண்டு நாடு சுற்றியதில் அதுவே மறந்துபோயிருந்தது.

யோசித்துப் பாருங்கள். காலையில் நான் மலையில் உட்கார்ந்து ஆள் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவன் ஆட்களை ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். கிருத்திகைக்கு மட்டும் இல்லை, தினமும். சாவி என் இடுப்பில் தொங்கியது.

மஸ்கட் போகவில்லை. இன்று ஷிப்ட் எப்படி மாறுகிறதோ, என் வகுப்பும் அப்படியே மாறுகிறது. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒன்று, மாலையில் ஒன்று. கோயிலுக்கு விடிவதற்குள் போய்வந்துவிடுகிறேன். மஞ்சுளா மஞ்சள் பெல்ட் கட்டிவிட்டாள். "மாஸ்டர், கறுப்பு எப்ப?" என்று இப்போதே நச்சரிக்கிறாள்.

தனிமை முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு கூட்டம் போய் அடுத்தது வருவதற்குள் ஷெட் வெறிச்சென்று கிடக்கும். சில நாள் எண்ணிப் பார்ப்பேன். குரல் திரும்பி வரும். முன்பு போல நெஞ்சை அடைப்பதில்லை.

எத்தனையோ நாளாகக் கேட்டும் கிடைக்கவில்லை என்று சோர்ந்திருப்பவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். கேட்பதை விடாதீர்கள். அவன் அனுப்புவான். அனுப்புகிற நேரம் அவனுடையது. நான் இப்போது ஷெட் பூட்டைக் கழற்றி உள்ளே ஆணியில் மாட்டிவிட்டேன், முருகன் படத்துக்குக் கீழே.