வளைவில் ஒரே ஒரு கூப்பாடு

பெர்ன்ஹில்லில் கிளம்பினால் லவ்டேல் வரை அதிகம் மிதிக்க வேண்டியதில்லை. யூக்கலிப்டஸ் வாசனைக்குள் சாலை தானாகவே இழுத்துக்கொண்டு போகும். பிறகு கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் இடங்கள், ஈரமண் வாசனை, வீட்டு வாசலிலிருந்து குரைக்கும் நாய்கள். அதற்கப்புறம் ஜெகதளா பக்கம் ஏற்றம். மூச்சு வாங்கி மேலே வந்து சேர்ந்தால் தேயிலைக்குள் ஒரு பழைய எஸ்டேட் சாலை இறங்குகிறது. சைக்கிளில் மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் வேலை.

அந்தச் சாலையின் நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. அங்கே சில்வர் ஓக் மரங்கள் விலகி, பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே வீச்சில் தெரியும். எல்லோரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படம் எடுப்பார்கள். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் முதலாளி. நான் வேறு இரண்டு வழிகளைச் சொல்லிப் பார்த்தேன். "அந்த வளைவு மாதிரி வேற எங்கம்மா வரும்?" என்றார். அதற்குக் கீழே தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் நான் பிறந்தேன் என்பதும், என் அப்பா அந்த வளைவில்தான் செத்தார் என்பதும் அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் வழியை மாற்றியிருப்பார். பரிதாபப்பட்டு மாற்றிய வழியில் சைக்கிள் ஓட்ட எனக்கு விருப்பமில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் புவியியல் படித்தேன். மூடுபனி எப்படி உருவாகிறது, மதியத்துக்கு மேல் ஏன் மலையேறி வருகிறது என்று வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்குவேன். அப்படிப்பட்ட என்மேல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புகார் வந்தது. பனி மூடிய ஓர் இறக்கத்தில், எனக்குப் பின்னால் வந்த பெண்மணி சங்கிலி கழன்று நின்றுவிட்டார். ஒரு முறை என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நான் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தேன்.

"காது கேக்காதாம்மா உனக்கு?" என்றார் முதலாளி.

லயத்தில் வளர்ந்த யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள். மூடுபனியில் பின்னால் இருந்து வரும் ஒற்றைக் கூப்பாட்டுக்கு நாங்கள் பதில் கொடுப்பதில்லை. உயிரோடு இருப்பவர்கள் மூன்று முறை கூப்பிடுவார்கள். ஒரு முறை கூப்பிட்டு நிறுத்துவது மனிதரல்ல. இலங்கைத் தோட்டங்களிலிருந்து எங்கள் ஆட்கள் சட்டி பானையோடு கொண்டுவந்த வழக்கம் இது. நான் இதை நம்புவதில்லை. ஆனால் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிட்டேன்.

அந்த வழக்கம்தான் என் அம்மாவின் வாழ்க்கையைப் பிடித்து வைத்திருந்தது.

லயத்தில் சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள் அப்பா. மேட்டுப்பாளையத்தில் பழசாக வாங்கியது. "மலையில சைக்கிள் வாங்குனவன் கடல்ல மாட்டு வண்டி வாங்குவான்" என்று கேலி செய்வார்கள். காலையில் மேலே இருக்கும் ஃபேக்டரி வரை அதைத் தள்ளிக்கொண்டே போவார். சாயங்காலம் வீடுவரை ஒரு மிதி மிதிக்காமல் இறங்கி வருவார். அந்த ஒரு இறக்கத்துக்காகத்தான் அத்தனை தள்ளலும். ஈரத்தில் பிரேக் பிடிக்காது என்பதால் பின் கேரியரில் ஒரு சீகை மரக் கிளையைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுபட விடுவார். அந்தக் கிளைதான் அவருடைய உண்மையான பிரேக். சாலையில் அது உரசிக்கொண்டு வரும் சத்தத்தை வைத்து, அப்பா எந்த வளைவில் வருகிறார் என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவோம்.

அவர் இறந்த அன்று நான் குன்னூரில் பள்ளி விடுதியில் இருந்தேன். அம்மா இலை பறித்துவிட்டு விறகுக் கட்டோடு இறங்கிக்கொண்டிருந்தாள். கடுமையான பனி. வளைவு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதை மிதிக்கும்போது பின்னால் ஒரு குரல், "ஏ புள்ள" என்றது. ஒரே ஒரு முறை. அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் கிளை உரசும் சத்தம் இல்லை. இரண்டாவது கூப்பாடும் வரவில்லை. அம்மா திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, அவருக்கு டீத்தண்ணி வைத்தாள். அது ஆறிய பிறகுதான் தேடிப் போனார்கள். கிளை மேலே சாலையில் கிடந்தது, கயிறு அறுந்து. அப்பா வளைவுக்குக் கீழே, தேயிலைக்குள் கிடந்தார்.

அதற்குப் பிறகு அம்மா அந்தச் சாலையில் கால் வைக்கவில்லை. வேலைக்குப் போக, வர, தேயிலைச் சரிவில் செங்குத்தாக ஏறும் குறுக்குப் பாதைதான். அங்கே காட்டுமாடு நிற்கும். போன மழையில் ஒரு காட்டுமாட்டைக் கண்டு பின்வாங்கியபோது சறுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்ததும் மறுபடியும் அதே பாதை.

"ரோட்டுல போனா என்னம்மா? பத்தடிக்கு ஒரு ஆளு போறாங்க."

"நீ போ. ஒன்னைய யாரு கூப்புட்டா?"

"ஒன்னைய மட்டும் யாரு கூப்புட்டா? அவ்வளவு பனியில அங்கிருந்து பாலம் வரைக்கும் சத்தம் வராதும்மா. காத்து, ஓடத் தண்ணி, எதையாவது கேட்டிருப்ப."

"நீ படிச்சவ, சொல்ற. நான் கேட்டவடி."

அம்மாவைத் தின்றுகொண்டிருந்த கேள்வி இதுதான்: அது அவராக இருந்து, அவள் திரும்பிப் போயிருந்தால்? விழுந்த இடத்தில் அவர் உயிரோடு இருந்திருந்தால்? இதற்கு ஒரு விடை கண்டுபிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. வளைவில் ஒருவர் கூப்பிட வேண்டும். பாலத்தில் நான் நிற்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது அப்பா இல்லை. என் படிப்புக்கு இதுகூட முடியாதா?

"சோதிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் குழுவுக்குப் பின்னால் வேனில் வரும் மெக்கானிக் கோயம்புத்தூர்க்காரர். வாயாடி. எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சரம்மா. அவரைத்தான் கேட்டேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, என்னன்னு கூப்புடோணும்?"

"ஏ புள்ளன்னு."

"அய்யய்யோ, உங்களையவா? முதலாளிக்குத் தெரிஞ்சா என்ர வேலை போயிருமுங்க."

"ஒரே ஒரு தடவ. ரொம்பக் கத்தக் கூடாது. சைக்கிள்ல வர்ற ஆளு கூப்பிடற மாதிரி."

"யாரோ கூப்புட்ட மாதிரியே கூப்புடோணும் போல இருக்குதுங்களே" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

சரியான பனிக்காகக் காத்திருந்தோம். ஒரு மதியம், வந்தவர்களை விடுதியில் இறக்கிவிட்ட பிறகு, பள்ளத்தாக்கிலிருந்து அது ஏறி வந்தது. சில்வர் ஓக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவரை வளைவில் விட்டுவிட்டு நான் பாலத்துக்கு வந்தேன். அம்மா நின்ற மாதிரியே வளைவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கீழே ஓடை மெல்ல ஓடியது. காற்று இல்லை. இலைகளிலிருந்து சொட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"ஏ புள்ள."

காதருகில் கேட்டது. பக்கத்துச் செடிக்குப் பின்னால் நின்று கூப்பிட்டதைப் போல. பனி அந்தக் குரலிலிருந்து கோயம்புத்தூரையும் மெக்கானிக்கையும் எடுத்துவிட்டிருந்தது. ஓர் ஆண் குரல். அவசரமில்லாத குரல். எனக்குத் தெரிந்தவர், நான் ஏற்பாடு செய்த கூப்பாடு. இருந்தும் என் கழுத்து திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. அதைக் கழுத்தே முடிவு செய்தது. தோள்கள் இறுகிவிட்டன. விறகுக் கட்டு இருப்பதைப் போல உச்சந்தலை கனத்தது. அம்மா எப்படி நடந்து போயிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் வேனை உருட்டிக்கொண்டு வந்தார். "கேட்டுச்சுங்களா?"

"இல்ல."

"மறுக்காக் கூப்புடட்டுங்களா? இன்னுங் கொஞ்சம் சத்தமா?"

"வேண்டாம்."

என்னையும் சைக்கிளையும் லயத்தருகே இறக்கிவிட்டுப் போனார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. நான் சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் வரை பொறுத்திருந்தாள்.

"கேட்டுச்சாடி?"

படித்தவள் சொன்னால் அவள் நம்புவாள். இத்தனை வருடம் நான் அதற்காகத்தான் பெருமைப்பட்டிருந்தேன்.

"ஒண்ணும் கேக்கலம்மா. அந்தத் தூரத்துக்குக் குரல் வராது."

அவள் கொஞ்ச நேரம் சாலைப் பக்கம் பார்த்தாள். "அப்ப அது அவரு இல்ல. வேற என்னமோதான் கூப்புட்டிருக்கு" என்றாள். பிறகு, "நல்ல வேள, திரும்பல."

பேயை இல்லாமல் செய்யப் போனவள் நான். என் வாயாலேயே ஒரு பேயை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அம்மா அதை வரவேற்று, அடுப்பு மூட்டி, எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள். மறுநாள் காலை சாலையில் நடந்து வேலைக்குப் போனாள்.

மழை முடியும் வரை அப்படியே போனது. நானும் வந்தவர்களோடு அவளைக் கடந்து போவேன். கூடையோடு ஓரமாக ஒதுங்கி நின்று, ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பாள். "எம் மவதான் முன்னாடி போறா" என்று தமிழிலேயே அவர்களிடம் சொல்வாளாம்.

ஒரு சாயங்காலம் ஆறேழு பேரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பனி கட்டியாக இல்லை. கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்தது. வளைவில் பிரேக் பிடித்து நின்றபோது கீழே பாலத்தில் ஓர் உருவம் தெரிந்தது. தலையில் விறகுக் கட்டு. அம்மா சாலையின் நடுவே போய்க்கொண்டிருந்தாள். ஈரச் சாலை, பின்னால் வருகிறவர்கள் வேகமாக வருவார்கள், அவள் ஒதுங்க வேண்டும்.

"அம்மா" என்றேன்.

அவள் நிற்கவில்லை. அந்த முதுகு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா கடைசியாகப் பார்த்தது இந்த முதுகைத்தான் என்று தோன்றியது.

"அம்மா. அம்மா."

மூன்றாவதுக்குத் திரும்பினாள். சிரித்தாள். "நீதானா? மொதத் தடவயே கேட்டுச்சுடி. மூணு வரட்டும்னுதான் நடந்தேன்."

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. காலடியில் இருந்த பாலத்தைப் பார்த்தாள். வளைவில் நின்ற என்னைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தாள். பின்னால் மற்றவர்களின் பிரேக்குகள் கிரீச்சிட்டன.

"ஆளுங்க நிக்கிறாங்க பாரு. முன்னாடி போ" என்று ஓரமாக ஒதுங்கினாள்.

மறுநாள் குறுக்குப் பாதைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. இன்றுவரை சாலையில்தான் நடக்கிறாள். அந்தச் சோதனையைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவுமில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பாலத்தின் மேல் யார் ஒரு முறை கூப்பிட்டாலும் அம்மா உடனே திரும்பிவிடுகிறாள். பனி இருக்கும் நாட்களில், யாரும் கூப்பிடாதபோதும்.