வார்டில் தெரிந்த ஒரே பெயர்

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது போதுமான அளவு ஊர் சுற்றிவிட்டது.

எங்கள் றப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் நான் அட்டெண்டராக இருந்தேன். படுக்கை விரிப்பது, எழும்ப முடியாதவர்களுக்குக் கழிவுச் சட்டி வைப்பது, ட்ரொலி தள்ளுவது, யாராவது வாந்தி எடுத்தால் துடைப்பது. சேர்ந்து சில வருடமாகியும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் மேட்ரன் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவரை அரசாங்க வேலை பார்த்தவர் யாரும் கிடையாது. றப்பர் பால் வெட்டி முதுகு வளைந்துபோனவள் என் அம்மா. பென்ஷன் வருகிற வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்காக எத்தனை சட்டி வேண்டுமானாலும் கழுவத் தயாராக இருந்தேன்.

அப்போதுதான் எல்லோரும் பெயர் பேட்ஜ் குத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. நோயாளிகளுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் யார் யாரென்று தெரிய வேண்டுமாம். மூன்று மொழியிலும் பெயர், கீழே என்ன வேலை என்று. என் பெயர் தமிழில் அச்சாகி நான் பார்த்தது, கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அதில்தான். அதுவும் அதிசயமாகப் பிழையில்லாமல். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் குத்திப் பார்த்தேன். என் புருஷன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மற்றவர்கள் விவரமானவர்கள். முதல் வாரம் எல்லார் நெஞ்சிலும் பளபளத்தது. அடுத்த வாரமே ஒருத்தி அதை மறைத்துக் கம்பளிச் சட்டை போட்டாள், மத்தியான வெயிலில். இன்னொருத்தி பின்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் குத்தினாள். என்னோடு ஒரே ஷிப்டில் இருந்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தி, கண்ணாடிக்காரி என்று வைத்துக்கொள்வோம், தன்னுடையது தொலைந்துவிட்டது என்றாள். அது அவள் கைப்பைக்குள் கிடந்ததை நான் பார்த்தேன். "பெயர் தெரிந்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள், நங்கி" என்று தங்கச்சிக்குச் சொல்கிற மாதிரி எனக்கும் சிங்களத்தில் புத்தி சொன்னாள். பொறாமையில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு வார்டு முழுக்க என் பெயர்தான். தண்ணீர் வேண்டுமா, என் பெயர். ஊசி போட்ட இடம் வலிக்கிறதா, என் பெயர். டொக்டர் வரவில்லையா, அதற்கும் என் பெயர். பெயர்கூடத் தெரியாமல் 'மிஸ்ஸி, மிஸ்ஸி' என்று கெஞ்சினால் நர்ஸ்மார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நம் சனங்களுக்கு ஒரு வாய் தமிழ் கேட்டால் போதும், உயிரை எடுத்துவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருத்தி, இரத்தத்தில் சீனி கூடும் வருத்தத்தில் கால் புண்ணாகி வந்திருந்தாள். சரியான நச்சு. தலையணை உயரம் என்பாள், இறக்கினால் தாழ்வு என்பாள். அவள் மகன் பால் வெட்டுகிறவன், வேலை முடிந்து தினமும் வருவான். வந்ததும் என் பேட்ஜைப் பார்த்துப் பெயரை வாசித்து, பின்னால் ஓர் 'அக்கா'வும் சேர்த்துக்கொண்டு, "நீங்க இருக்கிறதாலதாங்க பயமில்லாம இருக்கோம்" என்பான்.

அன்று மத்தியானம் நான் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அந்த நேரத்தில் கண்ணாடிக்காரி போய்க் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கி, அந்த அம்மாவுக்குச் சட்டி வைத்திருக்கிறாள். எடுத்தவள் கம்பியைத் திரும்ப ஏற்றாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாள். அந்த அம்மா தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டி, தரையில் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. நான் வந்தபோது தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். என் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள்.

சாயந்தரம் மகன் வந்தான். தாயிடம் குனிந்து கேட்டான். நேரே ஒபீசுக்குப் போய் முறைப்பாடு செய்தான். செய்ய வேண்டியதுதான், விடாதே என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மேட்ரன் என்னைக் கூப்பிட்டார்.

"விழவிட்டது நீ என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றார் சிங்களத்தில். நான் வார்டிலேயே இல்லை, ட்ரொலி தள்ளிக்கொண்டு போயிருந்தேன் என்றேன்.

"எஹெனங் கவுத? நீ இல்லையென்றால் வேறு யார்?"

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே கண்ணாடிக்காரி இன்னும் இரண்டு பேரோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லாரும் ஒரு கூட்டம். அந்த வார்டில் வேலை செய்கிறவர்களில் நான் ஒருத்திதான் தமிழ். அவள் பெயரைச் சொல்லிவிட்டு அவர்களோடு நான் எப்படி வேலை செய்வது? ஒரு மாதத்தில் என்னைத் துரத்திவிடுவார்கள்.

"தெரியாது" என்றேன்.

மேட்ரன் பெருமூச்சு விட்டார். கெட்ட மனுஷி இல்லை. "மேலே அனுப்ப எனக்கு ஒரு பெயர் வேண்டும். இருக்கிறது உன் பெயர்தான்" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

என்னைத் துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். சீழும் இரத்தமும் ஊறிய விரிப்புகள் அங்கேதான் வந்து குவியும். சில மாதம் கழித்துச் சிலரை நிரந்தரமாக்கினார்கள். அதில் கண்ணாடிக்காரி இருந்தாள், நான் இல்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த தடவைக்குள் எனக்கு வயதெல்லை கடந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அந்த மகனைப் பிறகு ஒரு கிளினிக் நாளில்தான் பார்த்தேன். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றான். தாய் ஊன்றுகோலோடு கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, ஒங்கம்மாவ விழ வச்சது நானா?"

"இல்லக்கா" என்றான் உடனே.

"யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க. அந்தக் கண்ணாடி போட்டவங்க. அம்மா அன்னிக்கே சொன்னாங்க."

"அப்ப எதுக்குடா என் பேரச் சொன்ன?"

"ஒபீசுல பேரக் கேட்டாங்க. ஒங்க பேருதான் தெரியும்."

"அடையாளம் சொல்லத் தெரியாதா? கண்ணாடி போட்ட பொம்பளன்னு சொல்ல வாயில்லையா?"

அவன் தாயைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அவங்கள மாட்டிவிட்டா, மறுபடி அம்மாவ எப்பிடிக்கா அங்க கூட்டிட்டுப் போறது? மருந்து கட்டவே மாட்டாங்க. ஒண்ணும் கேக்காம விட்டாலும் நாளைக்கு இன்னொருக்கா விழ வப்பாங்க. நீங்க நம்ம ஆளு. ஒங்க பேரச் சொன்னா நீங்க எங்கள ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னு தெரியும்."

என்ன நம்பிக்கை! சந்தி என்றும் பார்க்காமல் வாயில் வந்தபடி ஏசினேன். "பயந்தாங்கொள்ளி! ஒங்கம்மா பீய அள்ளினவ வயித்துல அடிச்சிட்டு, நம்ம ஆளாம் நம்ம ஆளு! செஞ்சவ பேரச் சொல்ல முதுகெலும்பு இல்லாதவனுக்கெல்லாம் என்னத்துக்கு முறைப்பாடு?" பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா என்னவென்று புரியாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் நிமிர்ந்தான்.

"ஒங்களையும் விசாரிச்சாங்கதானே, அக்கா? நீங்க யாரு பேரச் சொன்னீங்க? அவங்க இன்னும் வாட்டுலதான இருக்காங்க."

ஓங்கி அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை. அவன் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டுவிட்டு, என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.