மெத்தைக்காரர் வீட்டுத் தவளை

மெத்தை தைப்பவரின் மகள் ஓயாமல் குதிப்பாள். அதனால் வீட்டில் அவள் பெயர் தவளை. ஒருமுறை வைரஸ் காய்ச்சல் விட்டதும் அவள் கால்களில் ஊதாப் புள்ளிகள் கிளம்பின. மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்தது.

"ரத்தத்த உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைஞ்சிருக்கு. பெரும்பாலும் தானா ஏறிடும். அதுவரைக்கும் அடிபடாம பாத்துக்குங்க," என்றார் டாக்டர்.

தவளையை எப்படிக் கட்டிப்போடுவது? மேசை முனை, கதவு நிலை, கட்டில் கால் என்று எதையும் விடாமல் பஞ்சு வைத்துத் தைத்தார் அப்பா.

"அசந்து நின்னா என்னையும் தச்சிடுவாரு," என்று சிரித்தாள் அம்மா.

சில வாரங்களில் அணுக்கள் ஏறின. இனிக் குதிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், ஆஸ்பத்திரி வாசலில் முதலில் குதித்தவர் அப்பாதான்.

"அப்படி இல்லப்பா, முட்டிய மடக்கணும்," என்று தவளை குதித்துக் காட்டினாள்.