இடியோபதிக் என்றொரு காரணம்

பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டும் மணிவண்ணனுக்கு ஒரு நம்பிக்கை. பேர் மட்டும் தெரிந்தால் போதும், எந்தத் தெருவையும் கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான், மனைவி சுகாசினியின் நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது என்ற டாக்டர் 'இடியோபதிக்' என்றொரு வார்த்தையையும் சொன்னபோது, பாவி மனுஷன் சந்தோஷப்பட்டான். காரணத்துக்குப் பேர் கிடைத்துவிட்டதாம்!

சுகாசினியோ வேறொரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மகள் சிம்ரன் பிறந்தபோது, மாகறல் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு மறந்தே போயிருந்தாள். இப்போது அங்கே போய்த் தன் தலையையே மழித்துக்கொண்டு வந்தும் இருமல் அடங்கவில்லை. "சாமிக்கு இன்னும் கோவம் தீரல" என்று சுவரைப் பார்த்து அழுதாள். சோறு இறங்கவில்லை. நோயைவிட அந்தப் பயம்தான் அவளைத் தின்றது.

ஒருநாள் ஆட்டோவில் ஏறிய கலியாணசுந்தரம், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். மணிவண்ணன் அவரிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான்.

"கிரேக்கத்துலர்ந்து வந்ததுப்பா. இடியோஸ்னா தனக்கே உரியது. பாத்தோஸ்னா துன்பம், நோய். இன்னொண்ணால வராம, தானா வந்த நோய்."

"அப்ப காரணம் இன்னா சார்?"

"அதான் தெரியல. தெரியலன்னு சொல்றதுக்குத்தான் டாக்டருங்க இப்ப அந்த வார்த்தைய சொல்றாங்க."

மணிவண்ணன் வண்டியை ஓரங்கட்டினான். இவ்வளவு பெரிய வார்த்தைக்குள் ஒன்றுமே இல்லையா? அடக் கடவுளே, திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லையே!

வீட்டுக்குள் நுழைந்ததும் சுகாசினி கேட்டாள்: "விசாரிச்சியா? என் வேண்டுதலாலதானே?"

தெரியாது என்றால் சாமிதான் என்று முடிவே கட்டிவிடுவாள்.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லமா. நான் குடிச்ச பீடிப் புகைதான். அதான் அர்த்தமாம்."

அவனையே பார்த்தாள். "படுபாவி! எத்தினி வாட்டி சொன்னேன், வெளிய போய் குடின்னு!" மூச்சு வாங்க வாங்கத் திட்டித் தீர்த்தாள். பிறகு கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

உடம்பு மட்டும் தேறவில்லை. ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள். போவதற்குள் பீடி சமாச்சாரத்தை அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லியிருந்தாள், மகளிடமும்.

பாடையைத் தூக்க மணிவண்ணன் குனிந்தான். முசரவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் சிம்ரன் குறுக்கே வந்து நின்றாள்.

"நீ தொடாதப்பா. எங்கம்மாவ நீதான் கொன்னுட்ட."

வாத்தியார் சொன்னது வாய்வரை வந்தது. அம்மா காரணமே இல்லாமல் செத்தாள் என்றால் இந்தப் பெண் எப்படித் தாங்குவாள்?

"ஆமாம்மா" என்று சொல்லி விலகி நின்றான்.